காந்தம் அணைந்த மத்தியானம்

நான் டெக்னீஷியனாக வேலை பார்த்த ஸ்கேன் சென்டர் சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு போகும் சாலையில் இருந்தது. சேர்ந்த முதல் வாரம், துப்புரவுக்கு வந்த அக்கா என்னிடம் கேட்டார்: "ஏனுங்க, சாயங்காலம் மிசினை ஆஃப் பண்ணினதுக்கு அப்பறம் நான் உள்ள போய்த் தொடைச்சுக்கட்டுங்களா?"

அவர் கையில் இரும்பு வாளி இருந்தது. நான் பதறிப்போய் அதைப் பிடித்துக்கொண்டேன்.

எம்.ஆர்.ஐ. எந்திரத்தில் கம்ப்யூட்டரை அணைக்கலாம், விளக்கை அணைக்கலாம். காந்தத்தை அணைக்க முடியாது. அதற்கு ஸ்விட்சே இல்லை. ஞாயிற்றுக்கிழமையும், தீபாவளியன்றும், ஆளில்லாத பூட்டிய அறையிலும் அது அதே பலத்தோடு இழுத்துக்கொண்டிருக்கும். ஒருமுறை லாரிப் பட்டறைக்காரர் ஒருவர் இடுப்பில் செருகிய ஸ்பேனரை மறந்துபோய் அறை வாசலில் கால் வைத்தார். ஸ்பேனர் அவர் வேட்டியைக் கிழித்துக்கொண்டு பறந்துபோய் எந்திரத்தின் வாயில் ஒட்டிக்கொண்டது. அதைப் பிரித்தெடுக்க மூன்று பேர் தொங்க வேண்டியிருந்தது.

அந்த வெள்ளை உருளைக்குள் கிலோமீட்டர் கணக்கில் கம்பி சுற்றியிருக்கிறது. நயோபியமும் டைட்டானியமும் கலந்த கம்பி. அது திரவ ஹீலியத்தில் மூழ்கிக் கிடக்கிறது, பூஜ்ஜியத்துக்குக் கீழே இருநூற்று அறுபத்தொன்பது டிகிரி குளிரில். அந்தக் குளிரில் கம்பிக்கு மின்சாரத்தைத் தடுக்கும் குணம் துளியும் இருக்காது. ஒருமுறை மின்சாரத்தை ஓடவிட்டு, பிறகு இணைப்பைப் பிடுங்கிவிட்டாலும், அது ஓடிக்கொண்டே இருக்கும். ஊரில் கரண்ட் போனாலும் அதற்குத் தெரியாது. தேய்மானம் இல்லை, களைப்பு இல்லை.

இதையெல்லாம் நான் ராசிபுரத்தில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தபோதே படித்திருந்தேன். மீக்கடத்திகள் என்று ஒரு பாடம். அதில் ஒரு வரைபடம் உண்டு. வெப்பநிலை குறையக் குறைய மின்தடை மெல்ல இறங்கி வரும். ஒரு புள்ளியில் திடீரென்று செங்குத்தாக விழுந்து பூஜ்ஜியமாகிவிடும். தேர்வில் அதை அழகாக வரைந்து முழு மதிப்பெண் வாங்கினேன். அந்தப் படத்தை வலமிருந்து இடமாகத்தான் எப்போதும் வாசித்தேன். இடமிருந்து வலமாகவும் அதை வாசிக்கலாம், அப்படி வாசித்தால் அந்தக் கோடு கண் இமைக்கும் முன் சுவர் போல எழுந்து நிற்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

அந்தக் கோடையில் வெயில் பங்குனியிலேயே ஏறிவிட்டது. பகலில் கரண்ட் குறைந்த அழுத்தத்தில் வந்தது. அடிக்கடி நின்றது. காந்தத்துக்குக் கரண்ட் தேவையில்லை என்றேன். ஆனால் அதன் குளிரைக் காக்கிற கம்ப்ரசருக்குத் தேவை. கம்ப்ரசரைக் குளிர்விக்கும் தண்ணீர் எந்திரம், நாங்கள் சில்லர் என்போம், கட்டடத்துக்குப் பின்னால் வெயிலில் நின்றுகொண்டிருந்தது. வெயில் உச்சிக்கு ஏறினால் அது மூச்சுவாங்கி நின்றுவிடும். அது நின்றால் கம்ப்ரசரும் நிற்கும். கம்ப்ரசர் நின்றால் உள்ளே ஹீலியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொதித்து ஆவியாகும்.

தினமும் காலையில் ஹீலியம் மட்டத்தைப் பார்ப்பது என் வேலை. முன்பெல்லாம் மாதக்கணக்கில் அசையாத அந்த அளவு அந்தக் கோடையில் வாரத்துக்கு வாரம் இறங்கியது. டாக்டரிடம் சொன்னேன். சென்டரின் உரிமையாளர் அவர்தான். படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவதும் அவர்தான். ஐம்பது வயதுக்காரர், சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கே கோயம்புத்தூரிலிருந்து எந்திரத்தைப் பராமரிக்கும் எஞ்சினீயரை வரவழைத்தார்.

எஞ்சினீயர் அளவுகளைப் பார்த்தார்.

"ஹீலியம் நிரப்போணும்ங்க சார். ஆனா இப்ப எங்கயும் சரக்கு இல்லீங்க. கப்பல்லதான் வருது. நம்ம முறை வர்ற வரைக்கும் காத்திருக்கோணும்."

"அதுவரைக்கும் ஸ்கேன் எடுக்கலாமா?"

"மட்டம் இன்னும் எல்லைக்கு மேலதாங்க இருக்குது. எடுக்கலாம். கம்ப்ரசர் நின்னுதுன்னா மட்டும் உடனே ஸ்கேனை நிறுத்திப்போடுங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "மேடம், மாடிக்குப் போற குழாய் எப்படி இருக்குது? கடைசியா எப்பப் பாத்தீங்க?"

அந்தக் குழாய் எதற்கென்றால், காந்தம் எப்போதாவது குளிரை இழந்து ஹீலியம் மொத்தமும் ஒரேயடியாகக் கொதித்தால், அது வெளியேறுவதற்கு. ஒரு லிட்டர் திரவம் எழுநூறு லிட்டருக்கு மேல் வாயுவாக ஊதும். உள்ளே நூற்றுக்கணக்கான லிட்டர் இருந்தது. குழாய் அதை மாடிக்குக் கொண்டுபோய் வானத்தில் விட வேண்டும்.

மூவரும் மாடிக்குப் போனோம். இரண்டு வருடத்துக்கு முன் ரத்தப் பரிசோதனைக்கென்று மேலே ஒரு தளம் கட்டியிருந்தார்கள். கட்டும்போது குழாய் நடுவில் வந்திருக்கிறது. கொத்தனார் அதை அறுத்து, ஏசி குழாய் போடுகிறவரை வைத்து மெல்லிய தகரத்தில் இரண்டு இடத்தில் மடக்கிச் சுவரோரமாகக் கொண்டுபோயிருந்தார். டாக்டருக்கே அது அன்றுதான் தெரியும் என்று அவர் முகத்தைப் பார்த்தபோது புரிந்தது.

எஞ்சினீயர் தகரத்தை விரலால் தட்டிப் பார்த்தார்.

"சார், இது காத்துப் போற குழாய் இல்லீங்க. புயல் போற குழாய். இது தாங்காது."

"மாத்திடலாம்" என்றார் டாக்டர். அங்கேயே நின்று போன் செய்தார். நாமக்கல்லில் பஸ் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேலையைச் சுத்தமாகச் செய்வார்கள். அவர்கள் மறுநாளே வந்து அளவெடுத்தார்கள். குழாய் தயாராகிவிட்டது என்றும் திருச்செங்கோட்டுத் தேர் முடிந்ததும் ஆட்கள் வந்து பொருத்துவார்கள் என்றும் சொன்னார்கள். தேருக்குச் சில நாட்கள்தான் இருந்தன.

அந்தச் சில நாட்களும் நான் அறைக்குள் போகும்போதெல்லாம் தலையை நிமிர்த்தி மேற்கூரையைப் பார்த்தேன். வெள்ளை அட்டைகள் வரிசையாக இருந்தன. அவற்றுக்குப் பின்னால் அந்தக் குழாய் போகிறது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது? எல்லா அளவும் எல்லைக்குள்தான் இருந்தது.

அந்த நாட்களில்தான் ஒரு அம்மா மூன்றாவது முறையாக ஸ்கேனுக்கு வந்தார்.

சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துகிறவர். நான்கு டிரைவர்களை ஒரே நேரத்தில் போனில் விரட்டக்கூடியவர். சில மாதமாகத் தலை சுற்றல், இடது காதில் இரைச்சல். இரண்டு முறை ஸ்கேனுக்கு வந்து, எந்திரத்தின் குழலைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டார். அடைபட்ட இடம் என்றால் அவருக்கு ஆகாது. சின்ன வயதில் நெல் குதிருக்குள் விழுந்து மாட்டிக்கொண்டாராம். மூன்றாவது முறை கணவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கணவர் பல வருடம் லாரி ஓட்டியவர். ஆறடி உயரம். அவர் சாதாரணமாகப் பேசினாலே வரவேற்பறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏன் அம்மிணி, உள்ள காத்து வருமா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"ஃபேன் இருக்குதுங்க்கா. மூஞ்சியில காத்து அடிச்சுக்கிட்டே இருக்கும்."

"மூடீருவீங்களா?"

"ரெண்டு பக்கமும் திறந்துதான் இருக்கும்ங்க்கா. கையில ஒரு ரப்பர் பந்து குடுப்பேன். அமுக்கினா உடனே எடுத்துருவேன்."

"இவரு கூட இருக்கட்டும். அப்பத்தான் படுப்பேன்."

அதற்கு அனுமதி உண்டு. கணவரின் பெல்ட், சில்லறை, போன், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் வாங்கி வெளியே வைத்தேன். அறைக்குள் மனைவியின் கால்மாட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். அவர் மனைவியின் பாதத்தைக் கையில் பிடித்துக்கொண்டார்.

"நான் இங்கதான் இருக்கறன். கண்ணை மூடிக்க" என்றார்.

நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். அந்தக் கதவு செம்பு பொதிந்த கனமான கதவு. உள்பக்கமாகத்தான் திறக்கும். என் மேசைக்கு எதிரே சுவரில் கண்ணாடி ஜன்னல். அதன் வழியாக இருவரும் தெரிந்தார்கள்.

மத்தியானம். ஸ்கேன் பாதி தாண்டியிருந்தது. படங்கள் தெளிவாக வந்துகொண்டிருந்தன. அந்த அம்மா அசையாமல் கிடந்தார். இந்த முறை முடித்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே விளக்குகள் மங்கி அணைந்தன. ஜெனரேட்டர் எடுத்துக்கொண்டது. கம்ப்யூட்டர் பேட்டரியில் ஓடுவதால் அதற்கு ஒன்றுமில்லை. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் கம்ப்ரசரின் சத்தம் நின்றிருந்தது; ஜெனரேட்டர் வந்தும் அது ஓடவில்லை.

ஸ்கேனை நிறுத்தினேன். மைக்கை அழுத்தி, "அக்கா, கரண்ட் பிரச்சினைங்க. கொஞ்ச நேரம் வெளிய வந்துட்டு அப்பறம் எடுத்துக்கலாம். அப்படியே இருங்க, நான் வாரேன்" என்றேன்.

நாற்காலியிலிருந்து எழுந்தேன். கதவுவரை போவதற்குள் அது தொடங்கிவிட்டது.

முதலில் ஒரு முனகல். லாரி நிற்கும்போது ஏர் பிரேக்கிலிருந்து காற்று விடுபடுமே, அந்த மாதிரி. அது அடங்கவில்லை. ஏறிக்கொண்டே போனது. தரை அதிர்ந்தது. மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டில் உருண்டு விழுந்தது. தலைக்கு மேல் எங்கோ தகரம் கிழிகிற சத்தம் கேட்டது. ஜன்னலைப் பார்த்தேன். அறையின் மேற்கூரை அட்டைகள் ஒவ்வொன்றாகப் பெயர்ந்து விழ, அந்த ஓட்டைகளிலிருந்து வெள்ளைப் புகை கொட்டியது. மேலிருந்து கீழே, திரை இறங்குவது போல.

காந்தம் குளிரை இழந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. பயிற்சியில் படித்திருக்கிறேன். பார்த்தவர்களை நான் பார்த்ததில்லை.

"என்ன சாமி இது? பொகை வருது!" ஸ்பீக்கரில் அந்தப் பெரிய குரல் அலறியது.

"தீ இல்லீங்ணா! அக்காவை வெளிய இழுங்க! படுக்கைக்கு அடியில உங்க முட்டிக்கிட்ட ஒரு கைப்பிடி இருக்குது. அதைப் பிடிச்சு இழுங்க!"

ஜன்னல் முழுக்க வெள்ளையாகிவிட்டது. உள்ளே எதுவும் தெரியவில்லை. இரைச்சலுக்கு நடுவே ஸ்பீக்கரில் ஒரு குழந்தையின் குரல் கேட்டது.

"வர மாட்டீங்குது… வர மாட்டீங்குது…"

மெல்லிய, கீச்சென்ற குரல். ஒரு கணம் உள்ளே ஏதோ குழந்தை மாட்டிக்கொண்டிருக்கிறது என்றே நினைத்தேன். எந்தக் குழந்தை, எப்படி உள்ளே போனது என்று மனசு தேடியது. பிறகுதான் புரிந்தது. அது அவர்தான். ஆறடி மனிதரின் நெஞ்சுக்குள் காற்றுக்குப் பதில் ஹீலியம் போய்க்கொண்டிருக்கிறது. அதைச் சுவாசித்தால் எந்தக் குரலும் அப்படித்தான் கீச்சிடும்.

"கீழ படுங்க! ரெண்டு பேரும் தரையோட தரையாப் படுங்க! அந்த வெள்ளைப் பொகை மேலதான் நிக்கும்! கீழ காத்து இருக்கும்!" கத்தினேன். பதில் வந்தது. வார்த்தை புரியவில்லை. பொம்மையை அமுக்கினால் வரும் சத்தம் போல ஏதோ ஒன்று. பிறகு அதுவும் இல்லை.

டாக்டர் ஓடிவந்தார். இருவரும் கதவில் தோளைக் கொடுத்தோம். கைப்பிடி திரும்பியது, கதவு அசையவில்லை.

"பூட்டிக்கிச்சா?"

"இல்லீங்க சார். உள்ள அழுத்தம் ஏறிருச்சு. அது உள்ளிருந்து தள்ளுது. நம்மால முடியாது."

கண்ணாடியை உடைத்தால் அழுத்தம் வெளியேறும். ஆனால் அது சாதாரணக் கண்ணாடி இல்லை. இரண்டு தடித்த கண்ணாடிக்கு நடுவில் செம்பு வலை. டாக்டர் நாற்காலியைத் தூக்கி அடித்தார். நாற்காலிதான் உடைந்தது. நான் நடையில் மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டரைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்தேன்.

"அது இரும்பு!" என்று கத்தினார் டாக்டர்.

நானும் நின்றுவிட்டேன். இத்தனை வருடப் பழக்கம். அந்தச் சுவரைத் தாண்டி இரும்பு போகக் கூடாது. போனால் அது பறந்து போய் உள்ளே இருப்பவர்களை அடித்துக் கொல்லும். என் கைகள் அந்தப் பாரத்தோடு அப்படியே உறைந்துவிட்டன. பிறகு பாடப் புத்தகத்தின் அந்தச் செங்குத்துக் கோடு நினைவுக்கு வந்தது. தடை வந்துவிட்டால் மின்னோட்டம் இல்லை. மின்னோட்டம் இல்லாவிட்டால் காந்தமும் இல்லை.

"காந்தம் போயிருச்சுங்க சார்" என்றேன். "இப்ப அது வெறும் இரும்புதான்."

ஓங்கி அடித்தேன். மூன்றோ நான்கோ அடி. எத்தனை என்று தெரியாது. கண்ணாடி விரிசல் விட்டது. டாக்டர் என் கையிலிருந்து சிலிண்டரை வாங்கி மூலையில் ஒரு அடி கொடுத்தார். அது எங்கள் பக்கமாக வெடித்தது. குளிர்ந்த காற்று முகத்தில் அறைந்தது. வலது காதுக்குள் ஊசி இறங்கியது போல வலித்தது. டாக்டரின் முன்கையில் ரத்தம் வழிந்தது. கதவு தானாகவே கொஞ்சம் தளர்ந்தது.

வெளியிலேயே மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு தவழ்ந்து உள்ளே போனேன். முட்டிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. தரையோரம் ஒரு முழ உயரத்துக்கு மட்டும் தெளிவாக இருந்தது. படுக்கை பாதிவரை வெளியே வந்திருந்தது. அவர் எப்படியோ மனைவியைக் கால் பிடித்து உருவித் தரையில் போட்டு, அவர்மேல் கவிழ்ந்து கிடந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. அவருக்கு அடியில் அந்த அம்மாவின் கண்கள் திறந்திருந்தன. என்னையே பார்த்தன. கையில் ரப்பர் பந்தை இறுக்கிப் பிடித்திருந்தார்.

டாக்டர் அவரை அக்குளில் கை கொடுத்து இழுத்தார். நான் அந்த அம்மாவை இழுத்தேன். நடை, வரவேற்பறை, வாசல். வெளியே வெயில் கொளுத்தியது. சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஒரு டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஓடிவந்தார்.

வாசல் சிமெண்டுத் தரையில் அவரைக் கிடத்தி டாக்டர் ஆக்சிஜன் முகமூடியை அழுத்தினார். அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கணவரின் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தார். "எந்திரிங்க, எந்திரிங்க" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. அவர் நெஞ்சு ஒருமுறை தூக்கிப் போட்டது. இருமினார். கண்ணைத் திறந்தார்.

"நீ வெளிய வந்துட்டயா?" என்றார். அவருடைய குரல். பழைய பெரிய குரல்.

அந்த அம்மா அதற்கப்புறம்தான் அழுதார்.

ஆம்புலன்சில் இருவரையும் ஏற்றி அனுப்பிவிட்டு நானும் டாக்டரும் உள்ளே போனோம். புகை கலைந்திருந்தது. சுவரெல்லாம் தண்ணீர் வடிந்தது. உருளையின் மேற்புறக் குழாயில் வெள்ளை உறைபனி பூத்திருந்தது. வெளியே நாற்பது டிகிரி வெயில், உள்ளே உறைபனி. டாக்டர் பாக்கெட்டிலிருந்து கார் சாவிக்கொத்தை எடுத்தார். எந்திரத்தின் வாய்க்கு நேராக அதைப் பிடித்தார். கொத்து நேராகத் தரையைப் பார்த்துத் தொங்கியது. ஆடக்கூட இல்லை.

அந்தச் சாவியைப் பார்த்தபோது வந்த பயம், கதவு திறக்காதபோதுகூட எனக்கு வரவில்லை. வருடக்கணக்கில் அந்த அறையில் ஏதோ ஒன்று எங்களோடு இருந்தது. கண்ணுக்குத் தெரியாமல், ஓயாமல். ஒரு நிமிடத்துக்குள் அது இல்லாமல் போய்விட்டது.

சாயங்காலம் எஞ்சினீயர் வந்தார். கிழிந்த தகரத்தைப் பார்த்தார். முதல் மடக்கிலேயே பிளந்திருந்தது. மேலே வானத்துக்குப் போக வேண்டியதில் பெரும்பங்கு அறைக்குள் இறங்கியிருக்கிறது. டாக்டர் நாற்காலியில் கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்தார்.

"கம்ப்ரசர் நின்னு ரெண்டு நிமிஷம்கூட ஆகல" என்றார். "அதுக்குள்ள எப்படி?"

"கம்ப்ரசர்னால மட்டும் இல்லீங்க சார். மட்டம் கொறஞ்சு கம்பி மேல்பக்கம் எங்கியோ ஹீலியத்துல முங்காம இருந்திருக்கும். உள்ள ஒரு இடத்துல, கம்பு மணி அளவு இடத்துல, ரெண்டு மூணு டிகிரி ஏறினாப் போதும்ங்க. அந்த இடம் சாதாரணக் கம்பி ஆயிரும். ஓடீட்டிருந்த கரண்டு அங்க முட்டிச் சூடாகும். அந்தச் சூடு பக்கத்துல இருக்கறதைக் கெடுக்கும். அது அதுக்குப் பக்கத்துல இருக்கறதை. அவ்வளவுதான். மொத்தச் சுருளும் போயிரும்."

"எதனால அந்த ஒரு இடம் சூடாச்சு?" என்று நான் கேட்டேன்.

"தெரியாதுங்க மேடம். கம்பி ஒரு மயிரிழை நகந்திருந்தாக்கூட அந்த உராய்வு போதும். சூடு ஏறினாலும் போகும், கரண்டு அதிகமானாலும் போகும், காந்தப்புலம் அதிகமானாலும் போகும். மூணுல எது எல்லை தாண்டினாலும் சரி. எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கற வரைக்கும் ஒண்ணுமே தெரியாதுங்க. எல்லாம் நல்லாத்தான் இருக்கும்."

டாக்டர் மறுநாளே சென்டரை மூடினார். அந்தத் தம்பதியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போய் இருவரின் கையையும் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அந்தக் கணவர், "குழாயைப் போட்டவன் நீங்க இல்லீங்களே" என்று மட்டும் சொன்னாராம். அது மன்னிப்பா இல்லையா என்று டாக்டருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து டாக்டர் என்னை அழைத்தார். பாதியில் நின்ற ஸ்கேனின் படங்களை அவர் பார்த்திருந்தார். காது நரம்பு மூளைக்குள் நுழையும் இடத்தில், நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி.

"மருந்து போட்டு இன்னொரு தடவை எடுத்தாத்தான் முழுசாத் தெரியும்" என்றார். "சேலத்துல எடுக்கச் சொல்லணும். அந்த அம்மாகிட்ட யாரும்மா சொல்றது?"

நான்தான் போன் செய்தேன். கட்டி என்றதும் அவர் பதறவில்லை. மறுபடியும் ஸ்கேன் என்றதும்தான் குரல் மாறியது.

"மறுக்கா அதுக்குள்ளயா?"

"ஆமாங்க்கா. வேற ஊர், வேற மிசின்."

"நீ உள்ள வந்து நிப்பியா அம்மிணி? நின்னா வாரேன். இல்லீன்னா கட்டியோட இருந்துக்கறேன்."

எனக்கு அப்போது வலது காதில் சரியாகக் கேட்கவில்லை. செவிப்பறையில் ஓட்டை என்றார்கள். தூங்கினால் அந்தக் குழந்தைக் குரல் கேட்டு எழுந்து உட்கார்ந்துவிடுவேன். இனி காந்த அறைக்குள் காலே வைப்பதில்லை என்று மல்லசமுத்திரத்தில் வீட்டில் சொல்லியிருந்தேன். வேறு வேலை தேடிக்கொண்டிருந்தேன். ஆனால் போனில் அந்த அம்மா காத்துக்கொண்டிருந்தார்.

"வாரேன்க்கா" என்றேன்.

சேலத்தில் அது பெரிய ஆஸ்பத்திரி. எந்திர அறை அடித்தளத்தில் இருந்தது. அந்தக் கணவர் படிக்கட்டு வரை வந்தார். முதல் படியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டார். கால் இறங்கவில்லை. அவரை அங்கேயே விட்டுவிட்டு இறங்கினோம்.

அங்கிருந்த டெக்னீஷியன் என்னைவிடச் சின்னப் பெண். சிரித்த முகம். "பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது" என்றாள் அந்த அம்மாவிடம். நானும் அதே வார்த்தையை அதே சிரிப்போடு எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்த்தேன். வெளிப்பக்கம். அது எனக்குக் கொஞ்சம் தைரியம் தந்தது.

அந்த அம்மா படுத்தார். குழல் அவரை மார்பு வரை விழுங்கியது. நான் அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன். பாதம் ஜில்லென்று வியர்த்திருந்தது. எந்திரம் தட்டத் தொடங்கியது. மேற்கூரையைப் பார்க்கக் கூடாது என்று பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் அவர் பாதம் நடுங்குகிறது என்று நினைத்தேன். நடுங்கியது என் கை. அவர் கால் விரலால் என் உள்ளங்கையை இரண்டு முறை அழுத்தினார். எனக்குத் தைரியம் சொல்கிறார் என்று புரிய நேரமாயிற்று.

படம் முழுதாக வந்தது. புற்று இல்லை என்றார்கள். கோயம்புத்தூரில் ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்தார்கள். இடது காது போய்விட்டது. ஆனால் உயிரோடு, புக்கிங் ஆபீசில், வலது காதில் போனை வைத்து டிரைவர்களை விரட்டிக்கொண்டு இருக்கிறார். கணவர் லிஃப்டில் ஏறுவதில்லை. திருமண மண்டபத்தில்கூட வாசலோரமாகத்தான் உட்காருகிறாராம்.

போன மாதம் டாக்டர் மறுபடி கூப்பிட்டார். அதே இடத்தில் மேல்தளத்தை இடித்துவிட்டு, புது எந்திரம் வைக்கப் போகிறார். அதில் ஹீலியம் சில லிட்டர்தான். இறுக்கி மூடி வைத்தது. மாடிக்குக் குழாயே தேவையில்லை. மறுபடி வேலைக்கு வருகிறாயா என்று கேட்டார்; கிரேன் வைத்து இறக்கும் நாளன்று வந்து பார்த்துவிட்டுப் பதில் சொல்லச் சொன்னார். போனேன். கோயம்புத்தூர் எஞ்சினீயரும் நின்றிருந்தார். வெள்ளை உருளை கம்பி வடத்தில் தொங்கிக்கொண்டு மெல்ல இறங்கியது. சாலையில் போகிற லாரிக்காரர்கள் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"இதுவும் அணையுங்களா?" என்று கேட்டேன்.

"அணையும்ங்க மேடம்" என்றார் அவர், கிரேனிலிருந்து கண்ணை எடுக்காமல். "கம்பி அதே கம்பிதானுங்களே. எப்ப அணையும்னு யாருக்கும் தெரியாது. ஆளுக்கு ஒண்ணும் ஆகாது, அவ்வளவுதான்."

டாக்டர் என் பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உருளை தரையைத் தொட்டபோது காலடியில் லேசாக அதிர்ந்தது. எல்லோரும் பின்வாங்கினார்கள். நானும்தான்.

"எந்தத் தேதியிலிருந்து வரட்டுங்க சார்?" என்றேன்.